கூப்பிடாத பெயர்

பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது அவருடைய குரலுக்குத்தான். மேற்கே மலையடிவாரத்தில், தாமிரபரணி இறங்கி வரும் வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த முன்சீப் கோர்ட்டில் அவர் டவாலி. வெள்ளைச் சட்டைக்கு மேல் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகச் சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. உள்ளே கிளார்க் வழக்கு எண்ணை வாசித்ததும் அண்ணாச்சி வாசற்படிக்கு வந்து நின்று, வாதியின் பெயரை மூன்று தடவையும் பிரதிவாதியின் பெயரை மூன்று தடவையும் கூப்பிடுவார். எதிர்த்த டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டிருப்பவன் அதை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான்.

நான் அந்த வராந்தாவில் டைப் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். அரசாங்க வேலை இல்லை. வக்கீல்கள் சொல்லச் சொல்ல மனுக்களை அடித்துக் கொடுப்பேன். அப்பா காலத்தில் எங்களுக்கு வயல் இருந்தது. என் காலத்தில் மெஷின்தான் இருந்தது. என் நாற்காலிக்கும் கோர்ட்டு வாசலுக்கும் பத்தடி தூரம். அந்த இடத்தை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் முகம் கோணாமல் இருக்கும்வரை உட்காரலாம், அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் ஒரு காலையில் அண்ணாச்சி குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது மேல்தாடையில் பிரஷ் பட்டதும் காதோரத்திலிருந்து உதடு வரை ஒரு வலி வெட்டி இழுத்தது. பத்து எண்ணுகிற நேரம்தான். பிறகு ஒன்றுமே இல்லை. சொத்தைப் பல் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் சட்டினியைத் தொட்டு ஒரு வாய் இட்லி வைத்தபோது மறுபடியும் வெட்டியது. பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்குப் போய் ஒரு டாக்டரிடம் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இருபது நாள் நிம்மதி. அப்புறம் பக்கத்துப் பல்லில் வலித்தது. அதையும் பிடுங்கினார்கள். அடுத்த தடவை வேறொரு டாக்டர். இப்படியே ஒன்றரை வருஷத்தில் வலது பக்கம் நான்கு பல் போயிற்று. வலி போகவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விவரம். அப்போது நாங்கள் பார்த்தது வேறு.

இடது கன்னம் மழுங்கச் சிரைத்திருக்கும், வலது கன்னத்தில் நாலு நாள் முள் நிற்கும். கத்தி பட்டால் உயிர் போகும் என்பதால் அந்தப் பக்கத்தைத் தொடமாட்டார். அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார். முன்சீப் ஐயா ஒருநாள், "என்னவே இது வேஷம்?" என்று கேட்டார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சியும் சிரிக்கப் பார்த்து, வாய் பாதியில் நின்றுவிட்டது. மின்விசிறிக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தால் துண்டை எடுத்து முகத்தோடு பிடித்துக்கொள்வார். பேச்சு குறைந்தது. பேசினாலும் உதட்டை அசைக்காமல், வாய்க்குள்ளேயே குழறிப் பேசினார். கடைவாயில் சில சமயம் எச்சில் நின்றது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். இலையில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தால் வீட்டுக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களே.

குடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அதில் எனக்கும் பங்கு உண்டு. கிளார்க்கிடம் நான்தான் ஒருநாள், "அண்ணாச்சி இப்பல்லாம் காலையிலேயே போட்டுட்டு வாராகளோ?" என்று கேட்டேன். கேட்டது ஒரே ஒரு தடவை. அது போதுமாக இருந்தது.

வீட்டில் நடந்ததை அவர் மனைவி கனி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகள், நித்யா, அப்போது பதினோராம் வகுப்பு. இரவு கஞ்சியைத் தலையைச் சாய்த்து இடது பக்கமாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பிள்ளை விரலால் அதைத் தட்டிவிட்டாள். அடுத்த நொடி அவர் கை அவள் காதோடு சேர்த்து அறைந்துவிட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. நித்யா அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார்.

கனிக்கு வலி தெரியும். எவ்வளவு வலி என்று தெரியாது. "பல்லு நோவுக்கு ஒரு ஆம்பள இப்பிடியா பண்ணுவாக?" என்று அவளும் ஒருநாள் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவளிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

தொண்ணூற்றிநான்கு ஆனி மாதம் அது. மேற்கிலிருந்து சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கே ஒரு அம்மாள் வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இசக்கியம்மா என்று பெயர். மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். முந்தின நாளே மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வந்திருந்தாள். அவள் புருஷனுக்குக் கீழே ஒரு கிராமத்தில் மனை இருந்தது. புருஷன் செத்ததும் அவன் அண்ணன் அதை வேலி போட்டு அடைத்துக்கொண்டான். எஸ்டேட்டில் வேலை இருக்கிற வரைதான் லைன் வீடு. வேலை முடிந்தால் காலி செய்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும். இறங்கி வந்தால் நிற்க அவளுக்கு அந்த மனைதான்.

"இங்கன இருந்தா எம்பேரு கூப்பிடுதது கேக்குமா தாயி?"

"அண்ணாச்சி கூப்பிட்டா ஆத்துக்கு அக்கரையிலயும் கேக்கும். போய் அந்தப் புங்கமரத்தடியில இருங்க."

அவளுடைய வக்கீலுக்கு அன்று திருநெல்வேலியில் வேறொரு வழக்கு. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கையைத் தூக்கினால் போதும், வாய்தா கொடுத்துவிடுவார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் மரத்தடியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையை முழங்காலில் சாய்த்துக்கொண்டாள்.

பதினொன்றரை மணி சுமாருக்கு அவள் வழக்கு எண் வந்தது. அண்ணாச்சி வாசற்படியில் வந்து நின்றார். காற்று நேரே முகத்தில் அடித்தது. வாயைத் திறந்தார். முதல் எழுத்துக்கு உதடு விரிந்ததை நான் பார்த்தேன். அத்தோடு நின்றது. வலது கண் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பக்கத்துக் கன்னம் மேலே சுண்டி இழுத்தது. கை கன்னத்துக்குப் போய், தொடாமல், ஒரு விரல்கடை தள்ளி நின்றது. மற்றொரு கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் எதுவும் வரவில்லை.

"என்ன, ஆள் உண்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

அண்ணாச்சி திரும்பினார். இல்லை என்று தலையை அசைத்தார்.

என் விரல்கள் மெஷின்மேல் நின்றிருந்தன. மறுபடியும் அடிக்க ஆரம்பித்தேன். மெஷின் சத்தத்தில் எனக்குத்தான் கேட்காமல் போயிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கோர்ட்டு கலைந்ததும் இசக்கியம்மா எழுந்து அவரிடம் வந்தாள். "அண்ணாச்சி, இசக்கியம்மான்னு எப்பம் கூப்பிடுவிய?"

"கூப்பிட்டாச்சு. தள்ளுபடியாயிட்டு. வக்கீலப் பாரு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெற்றியில் அறைந்துகொண்டாள். "பாவி மட்ட, கண்ணசந்துட்டனே! இதுக்கா மலையில இருந்து இறங்கி வந்தேன்?" என்னைப் பார்த்து, "நீயாவது ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா தாயி?" என்றாள்.

"நான் கவனிக்கலக்கா" என்றேன்.

அவள் தூங்கியதால்தான் கேட்கவில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள் மனுப் போடலாம். மூன்று வாரம் கழித்து வக்கீல் அவளைக் கூட்டிக்கொண்டு என் மெஷினுக்கு வந்தார். சத்திய வாக்குமூலம் அடிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "மலைப்பாதையில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டபடியால் குறித்த நேரத்தில் ஆஜராக இயலாமல் போயிற்று..."

"பஸ்ஸு நிக்கலையே ஐயா" என்றாள் இசக்கியம்மா.

"இது எழுதுததுக்குத்தாம்மா."

"நான் ஒம்பது மணிக்கே வந்துட்டேன். இந்தப் பிள்ளைகிட்ட பேசிட்டுத்தான் அங்கன போய் இருந்தேன். தூங்கிட்டேன்னே எழுதுங்க."

"கோர்ட்டு வாசல்ல தூங்கிட்டேன்னு எழுதினா எந்த ஜட்ஜும்மா ஒத்துக்கிடுவாரு?"

"சத்தியம்னு சொல்லிட்டுப் பொய்யா கைநாட்டு வைக்கச் சொல்லுதியளா? எம் மவன் கேட்டான், 'அங்க போயும் தூங்கினியாம்மா'ன்னு. ஆமான்னு சொன்னேன். அவன்ட்ட சொன்னதத்தான் இங்கயும் சொல்லுவேன்."

அண்ணாச்சி கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. கட்டுகளை பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். வக்கீல் சலித்துப்போய், யோசித்து வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். நான் எழுந்து பின்பக்கம் போனேன்.

குழாயடியில் குந்தி இருந்தார். கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தார். அழுதாலும் வலிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கூப்பிடல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். பிரஷ், பல், கத்தி, காற்று. எப்போது வரும் என்று தெரியாது. சில நாள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது. சில நாள் ஒரு எழுத்துக்கே வெட்டும்.

"யார்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"என்னத்தச் சொல்ல பிருந்தாம்மா? காயம் இருக்கா, வீக்கம் இருக்கா? நல்லாத்தான இருக்கேன் பாக்கதுக்கு. வாயக் கொண்டு பொழைக்கவன் வாயத் தொறக்க முடியலன்னு சொன்னா வச்சிருப்பாகளா? குடிகாரன்னு பேசினாக. சரி, அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அது ஆம்பளைக்கு வாறதுதான். இது என்ன, மூஞ்சியில காத்துப் பட்டா அழுதான்னு சொல்லுவாக."

அந்தப் பேச்சைத் தொடங்கியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவர் சீக்கிரமே வந்தார். பட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். "ஒரு பேப்பர் அடிச்சுத் தாரியளா?" என்று கேட்டார். நான்கு வரிதான். இன்ன தேதியில் வாதி இசக்கியம்மாளின் பெயரை நான் அழைக்கவில்லை. ஆள் இல்லை என்று தலையசைத்தது பொய். அந்த அம்மாள் அப்போது மரத்தடியில் இருந்தார். தவறு என்னுடையது.

வக்கீல் அதைப் படித்துப் பதறிப்போனார். "என்னவே இது? வேலை போயிரும்வே! பஸ்ஸுன்னே அடிச்சிட்டுப் போவோம். நான் அந்தம்மாவுக்குச் சொல்லிக்கிடுதேன்."

"அது அவ தூங்கினதுனால இல்லய்யா" என்றார் அண்ணாச்சி. பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முன்சீப் ஐயாவின் அறையில் நடந்ததை அண்ணாச்சியே பிறகு சொன்னார். ஐயா பேப்பரை இரண்டு தடவை படித்தாராம். "என் கண்ணுக்கு நேரே தலையை ஆட்டினீரே. ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டாராம்.

"வெக்கமா இருந்துச்சு ஐயா."

ஐயா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் அண்ணாச்சி. அவர் கோபப்படவில்லை. குடித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்ப்பவர்போல முன்னால் குனிந்தார். பிறகு, பெரியாஸ்பத்திரிக்குப் போய் எழுதி வாங்கிக்கொண்டு வாரும், அதுவரை பெயர் கூப்பிட வேண்டாம் என்றார்.

இசக்கியம்மாவிடம் சொல்கிற வேலை பாக்கி இருந்தது. அதை வக்கீலே சொல்லட்டும் என்று நான் சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை. மரத்தடிக்கே போய் அவள் முன்னால் நின்றார். நானும் கூடப் போனேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "நீ தூங்கினதுனால இல்லம்மா. நான்தான் கூப்பிடல. மூஞ்சியில வலி. வாய் வரல" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"வலி வந்துச்சு, சரி. மனுசனுக்கு வரும். வாய் வரலன்னா கை இருக்கில்லா? கண்ணுக்கெதிரதான இருந்தேன். ஒரு கல்ல எடுத்து எறிஞ்சிருந்தாக்கூட முழிச்சிருப்பேன். அப்புறம் வந்து கேட்டேனே, அப்பம் வலி இருந்துச்சா? மூணு வாரமா என்னைய நானே வைஞ்சிட்டுக் கெடந்தேன். கொழுந்து பறிக்கும்போதுகூட இந்த நெனப்புதான். தூங்குமூஞ்சின்னு பேரு வாங்கினேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் இங்கனதான தாயி இருந்த?"

நான் கீழே பார்த்தேன். அண்ணாச்சி, "அந்தப் பிள்ளைக்குத் தெரியாது" என்றார்.

அவர் எனக்காகச் சொன்ன பொய் அது. அவர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த இடத்தில் நின்றுகொண்டே நான் அதை வாங்கிக்கொண்டேன்.

வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். இசக்கியம்மா எந்தப் பொய்யிலும் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கவில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒரு நரம்பு டாக்டர் அவரை உட்கார வைத்து, பஞ்சை எடுத்துக் கன்னத்தில் இலேசாகத் தொட்டார். அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். டாக்டர் உடனே கையை எடுத்துவிட்டு, "மன்னிச்சிக்கோங்க. எனக்குத் தெரியும், இது ரொம்பப் பெரிய வலி" என்றாராம். முகத்துக்குப் போகும் நரம்பில் வரும் வலி, பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கினார். கூடப் போயிருந்த கனி அங்கேயே சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரொம்பப் பெரிய வலி என்று வேறொரு ஆள் சொல்லி அப்போதுதான் அவள் கேட்டாள்.

வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரையைத்தான் அவருக்கும் கொடுத்தார்கள். பத்து நாளில் வலி முக்கால்வாசி அடங்கியது. ஆனால் மாத்திரை தலையைச் சுற்ற வைத்தது. நடந்தால் தள்ளாடினார். முன்பு குடிகாரன் என்று நம்பாமல் இருந்த நாலு பேரும் இப்போது நம்பினார்கள்.

தண்டனையாக அவருடைய சம்பள உயர்வு ஒரு வருஷம் நின்றது. பட்டையை வேறொருவர் போட்டுக்கொண்டார். அவர் குரல் டீக்கடை வரை எட்டாது, ஆள் போய்த்தான் கூட்டி வர வேண்டும். அண்ணாச்சியைப் பழைய கட்டுகள் அடுக்கிவைக்கும் ரிக்கார்டு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே காற்று இல்லை, பேச ஆளில்லை. அவருக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. வீட்டில் நித்யாவைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் தொட்டால் வலிக்கும், எந்தப் பக்கம் வலிக்காது என்று காட்டிக் கொடுத்தாராம். அவள் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாப்பா" என்று மட்டும் சொன்னாளாம்.

வலி முழுசாகப் போகவில்லை. சில மாதம் ஆளைவிட்டு ஒதுங்கியிருக்கும். சாரல் தொடங்கும்போது திரும்பி வரும். மாத்திரையைக் கூட்டுவார்கள். அந்த நாட்களில் அவர் மேஜைமேல் ஒரு துண்டுச்சீட்டை வைத்திருப்பார்: 'இன்று வலி. பேச இயலாது.' அதை எழுதி வைக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

தொண்ணூற்றேழில் இசக்கியம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் நகல் வாங்க அவள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். நகல் எடுக்க அந்த வழக்குக் கட்டை ரிக்கார்டு அறையிலிருந்துதான் எடுத்து வர வேண்டும். வாங்கி வரலாம் என்று நான்தான் உள்ளே போனேன். அண்ணாச்சி கட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே நகல் எடுக்கக் குடுத்திருங்க. அவகிட்ட நான் இருக்கேன்னு சொல்ல வேண்டாம்" என்று அலமாரிகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

வெளியே அவள் என்னைக் கேட்டாள். "அந்த அண்ணாச்சி எங்க? மூஞ்சி வலி இப்பம் எப்பிடி இருக்கு?"

"பரவாயில்லக்கா. இன்னைக்கு லீவு."

"அன்னைக்குக் கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன். ஆனா பேசினது தப்பில்ல, பாத்துக்கோ" என்றாள். நகல் கிடைக்கிறவரை மரத்தடியில் காத்திருந்து, வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் அறைக்குள் போனேன். அண்ணாச்சி பிரிந்துபோன ஒரு கட்டைச் சணல் நூலால் தைத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா. உங்களக் கேட்டா."

"என்ன கேட்டா?"

சொன்னேன். கூடப் பேசிவிட்டேன் என்றதையும், பேசினது தப்பில்லை என்றதையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஊசியை நிறுத்திக் கேட்டுவிட்டு, "தப்பில்லதான்" என்று சொல்லி, மறுபடியும் தைக்கத் தொடங்கினார்.